குண்டு விழுந்த தூரம்

மஞ்சக்குப்பத்திலிருந்து என்னை அனுப்பினார்கள்.
ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட்,
தகரத்தில் வெட்டிய எண்கள்,
அரசிதழின் ஜெராக்ஸ் ஒன்று.
ஓடநத்தம் என்கிற ஊராட்சி
ஒன்றாம் தேதியிலிருந்து இல்லை.
நாற்பத்தேழாவது வார்டு இருக்கிறது.

நிலைக்கதவின் பக்கத்தில் இடம் தேடினால்
முன்பே யாரோ எழுதியிருக்கிறார்கள்.
சுண்ணாம்பைச் சுரண்டினேன், அடியில் இன்னொன்று.
மேலாக இருப்பது வாக்காளர் பட்டியல், நீலச் சாக்பீஸ்.
கீழே ஜனத்தொகைக் கணக்கு, செங்காவியில்.
அதற்கும் கீழே
மலேரியா மருந்தடிக்க வந்தவர்கள்
தேதியோடு போட்டுவிட்டுப் போன வட்டம்.
கொசுவை நினைத்து வந்தவர்களும்
வீட்டைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.
ஒரே சுவரில் ஐந்து எண்கள்,
ஐந்தும் வேறு வேறு.
வீடு நகரவில்லை.

கலியவரதன், ஊராட்சியின் கடைசி எழுத்தர்,
சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தவர்
கூடவே நடந்தார்.
"டவுனு நம்மள முழுங்கறது இது ரெண்டாந்தரம் சார்."

முதல் தரம் ஒரு பீரங்கி.
கோட்டையை விலைக்கு வாங்கிய கும்பினிக்காரர்கள்
குண்டு போய் விழுகிற தூரம்வரை
நிலமும் தங்களுக்கே என்று
பத்திரம் எழுதிக்கொண்டார்களாம்.
பிறகு சுட்டார்களாம்.
நடவில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தபோது
வேறொருத்தரின் குடிகளாகியிருந்தார்கள்.
சேறு அதே சேறு,
மீதி நாற்றையும் நட்டுவிட்டுத்தான் கரையேறினார்கள்.

இந்தத் தரம் சத்தமே இல்லை.
கிராமசபையில் முப்பத்தொரு பேர்,
பதினெட்டுக் கைகள்.
நூறு நாள் வேலை போய்விடும் என்றார்கள் சிலர்,
குழாய் வரும் என்றார்கள் சிலர்.
வேலை போனது, குழாயும் வந்தது.
இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

அலுவலக அலமாரியில் கரையான் விட்டுவைத்த ஒரு ஏடு:
கெடிலம் கடக்க ஆளுக்குக் காலணா,
மாட்டுக்கு அரையணா, பிணத்துக்கு இல்லை.
ஓடக்காரர் பாவாடை, இடது பெருவிரல் ரேகை.
பாலம் வந்த வருஷம் அந்த ஓடத்தைக் கவிழ்த்துப்போட்டுக்
கோழி அடைத்தார்களாம்.
"நல்லா முட்டை வெச்சுது" என்றார் கலியவரதன்.

அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது,
பூவரசடியில், தேங்காய் அளவில், துரு மூடி.
ரோடு ரோலரிலிருந்து கழன்றது என்கிறார்கள் பையன்கள்.
யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை.

அதைத் தாண்டிப் பதினேழு வீடுகள்.
என் பட்டியலில் அவை இல்லை:
ஆற்றுப் புறம்போக்கு.
சிப்காட் கேன்டீனில் முதல் ஷிப்ட் முடித்து
டிபன் கேரியரோடு வந்த அஞ்சலாட்சி கேட்டாள்,
"எங்களுக்கு?"
"இது ஆறும்மா" என்றேன்.
"ஆத்துக்கு எங்கயாவது கதவு வெப்பாங்களா?"

போன வெள்ளத்தில் படகு வந்ததாம்.
டார்ச்சை அடித்து நம்பர் கேட்டானாம்,
சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு.
நம்பர் இல்லாத வீட்டைத் தாண்டி
அடுத்த தெருவுக்குத் துடுப்புப் போட்டானாம்.

கேரியரை என் கையில் கொடுத்தாள்.
சேலையைச் சொருகிக்கொண்டு பூவரசடிக்குப் போனாள்.
காலால் உதைத்தாள், அசையவில்லை.
குனிந்து இரண்டு கையாலும் உருட்டினாள்.
குழாயடி தாண்டி, சாக்கடைப் பலகை தாண்டி,
தன் வாசல் தாண்டி,
பதினேழாவது வீட்டின் கொல்லையும் தாண்டி,
கோரை ஈரமாக ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி
மூச்சு வாங்கினாள்.
"இங்கதான் வுழுந்துது. எழுதிக்க."

நான் கலியவரதனைப் பார்த்தேன்.
அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பத்திரத்துல அடிக்கணக்கு ஏதும் கெடையாது சார்.
குண்டு எங்க இருக்கோ அதுவரைக்கும்."

டப்பாவில் பாதிக்கு மேல் பெயின்ட் இருந்தது.
எவ்வளவு உயரத்தில் எழுத என்று கேட்டேன்.
தகரக்கூரை சுவரைத் தொடும் இடத்தைக் காட்டினாள்.
தண்ணி அதுக்குக் கீழதான் நிக்கும் என்றாள்.

நான் ஏணி கொண்டுவந்திருக்கவில்லை.